பொம்மைக்குக் குளிராது

சினிமா ஷூட்டிங்கில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், மேடம். உண்மைதான். உலகம் அழிந்து, பசியில் மனிதர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சாகிற கதையைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் விடிந்தும் விடியாமலும் நீள மேஜை நிறைய முட்டை, பன்றிக்கறி, பான்கேக், பழரசம் என்று பரப்பிவிடுவார்கள். முகத்தில் சாம்பல் பூசி, கிழிந்த கோட்டு மாட்டிய துணை நடிகர்கள் தட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். "எனக்கு மஞ்சக்கரு வேணாம், கொலஸ்ட்ரால் இருக்கு" என்று ஒரு பிணம் சமையல்காரரிடம் சொன்னதை நானே கேட்டேன். என் மகன் ரோவன் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

ஒன்பது வயதுப் பையனுக்குச் சிரிக்க வேறென்ன வேண்டும்.

வக்கீல் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீங்கள் குறுக்கே எதுவும் கேட்காவிட்டால் வரிசையாகச் சொல்லிவிடுவேன். கேட்டால் சுலபமான இடத்துக்கு நழுவிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

எங்கள் காஸ்ட்னர் பள்ளத்தாக்கு நீங்கள் அறிந்த ஊர்தான். நிலக்கரிச் சுரங்கம் மூடியாயிற்று, எஃகு ஆலை மூடியாயிற்று, கடைசியில் பழைய நெடுஞ்சாலைக்கும் குறுக்கே கேட் போட்டுவிட்டார்கள். உலகம் அழிந்த பிறகு எப்படி இருக்கும் என்று படக்கம்பெனிக்காரர்கள் எங்கெங்கோ தேடிவிட்டு இங்கே வந்தார்கள். ஆர்ட் டைரக்டர் காரிலிருந்து இறங்கி ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "எதையும் தொட வேணாம், அப்படியே எடுத்துக்கலாம்" என்றாராம். அந்த வெள்ளிக்கிழமை ஊரெல்லாம் வழக்கம்போல் தீயணைப்பு நிலையத்தில் மீன் வறுவலுக்குக் கூடியபோது என் கூட்டாளி ஸ்டஷ் சொன்னான்: "உலகம் அழிஞ்சு போச்சாம்டா வெர்ன். நமக்குத்தான் ஒருத்தனும் சொல்லல. நான் பாட்டுக்கு வீட்டு வரி கட்டிட்டு இருக்கேன்."

பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் பையன்களை நிற்கவைத்துப் பார்த்தார்கள். டைரக்டர் ஹாலிஸ் ரோவனைத் தேர்ந்தெடுத்தது நடிப்புக்காக அல்ல, முகத்துக்காக. "இந்தக் கண்ணு ரெண்டும் எதையோ பாத்துட்டு வந்த மாதிரி இருக்கு" என்றார். அவன் பார்த்தது, அவன் அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஈரி நகரத்துக்குக் கிளம்பிப் போனதைத்தான். அதை நான் ஹாலிஸிடம் சொல்லவில்லை.

யூனிட்டில் எனக்கு ஒரே வேலை. பிள்ளையைப் பெற்றவர் அவன் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுகிற தூரத்தில் எப்போதும் இருக்க வேண்டும் என்று விதி. அதற்காக ஒரு மடக்கு நாற்காலி கொடுத்தார்கள். அதன் முதுகில் "ரோவனின் அப்பா" என்று எழுதியிருந்தது. கவுண்டி நிர்வாகத்துக்காகப் பனி தள்ளும் லாரி ஓட்டிய இத்தனை வருஷத்தில் யாரும் என் பெயரை எதிலும் எழுதியதில்லை. நாற்காலியிலும் என் பெயர் இல்லை என்பது இதைச் சொல்லும்போதுதான் உறைக்கிறது.

படத்தின் கதை எளிது. வானம் சாம்பலாகிச் சூரியன் தெரியாமல் போன உலகம். ஓர் அப்பா, தன் மகனைச் சறுக்குவண்டியில் படுக்கவைத்து, உறைந்துபோன ஆற்றின் மேலே இழுத்துக்கொண்டு போகிறார். தெற்கே ஓர் உப்புச் சுரங்கத்துக்குள் ஆட்கள் பிழைத்திருப்பதாக வதந்தி. போய்ச் சேருவதற்குள் பையன் குளிரில் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிவிடுகிறான். அந்த அப்பாவாக நடித்தவர் ரஸ் ப்ளைத்.

ரஸ் நல்ல மனிதர். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. சொல்லவும் பிடிக்கவில்லை. இடைவேளையில் ரோவனுக்குச் சீட்டுக்கட்டு வித்தை கற்றுக்கொடுத்தார். ஒரு நாள் ரோவன் என்னிடம் வந்து, "அப்பா, அடுத்த தடவ ரஸ்ஸையும் மான் வேட்டைக்குக் கூட்டிட்டுப் போலாமா? அவருக்குத் துப்பாக்கியே பிடிக்கத் தெரியாதாம். நான் சொல்லித் தரேன்னு சொல்லிருக்கேன்" என்றான். என்னோடு வேட்டைக்கு வந்தபோது அழுத பையன் இவன்.

இனி மிஸ் பெட்ரில்லோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்போது எல்லாப் பழியும் அவர் தலையில்தான் இருக்கிறது. ரோவனுக்குப் பாடம் சொல்லித்தரவும், அவன் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும் கம்பெனி வைத்த டீச்சர் அவர். குள்ளமான பெண்மணி. கழுத்தில் தெர்மாமீட்டர் தொங்கும். அவர் கையைத் தூக்கினால் ஹாலிஸே கேமராவை நிறுத்த வேண்டும். ரோவனின் கந்தல் உடுப்புக்குள்ளே இடுப்பிலும் முதுகிலும் ஷூவிலும் சூட்டுப் பொட்டலங்கள் இருக்கும். வேட்டைக்காரர்கள் வைத்துக்கொள்வார்களே, பிரித்துக் குலுக்கினால் மணிக்கணக்காகச் சுடுமே, அதுதான். ஷாட் இல்லாத நேரமெல்லாம் ஹீட்டர் வைத்த கூடாரத்துக்குள் போய்விட வேண்டும். வசனத்தில் பாதி "குளிருதுப்பா" என்பதால், நிஜமாகவே குளிர்ந்தால் வாயால் சொல்லிப் பயனில்லை. அதற்கு மிஸ் பெட்ரில்லோ ஒரு சைகை வைத்திருந்தார். கையை மூடித் தலைமேல் வைக்க வேண்டும். வைத்த நிமிஷம் அவர் கையைத் தூக்குவார், எல்லாம் நின்றுவிடும். ரோவனைத் தவிர அவருக்கும் ரஸ்ஸுக்கும் எனக்கும்தான் அது தெரியும்.

ஒரு குறையும் இல்லாத ஏற்பாடு. அவருக்கு ஒன்றுதான் தோன்றவில்லை. பெற்ற அப்பாவிடமிருந்தும் பிள்ளையைக் காப்பாற்ற வேண்டியிருக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

ரோவன் நன்றாக ஓடுவான், ஒளிவான், ரஸ்ஸின் முதுகில் தொற்றிக்கொண்டு தூங்குவதுபோல் கிடப்பான். குளிர்தான் அவனுக்கு வரவில்லை. "குளிருதுப்பா" என்று சொல்லும்போது தோளைக் குலுக்குவான், பல்லைக் கடகடவென்று அடிப்பான். கார்ட்டூனில் பூனை நடுங்குகிற மாதிரி. இடுப்பைச் சுற்றிச் சுடச்சுடப் பொட்டலம் வைத்துக்கொண்டு ஒரு பையன் வேறெப்படி நடுங்குவான்? ஹாலிஸ் கத்துகிற ஆள் இல்லை. மெல்லிய குரலில், "அருமை, இன்னொண்ணு எடுத்துக்கலாம்" என்பார். அவருடைய "அருமை"யைக் கேட்டதும் தரையைப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

பொம்மை வந்தது அப்போதுதான்.

சிலிகோன் ரப்பரில் செய்தது. முடி ஒவ்வொன்றாக நட்டிருந்தார்கள். ரோவனுக்குப் புருவத்தின் மேல் ஒரு தழும்பு உண்டு, அதுவும் இருந்தது. கனம்கூட அவன் கனம்தான். ரஸ் பையனைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க நடக்கிற காட்சிகளில் ரோவனுக்குச் சிரமம் வேண்டாம் என்று செய்யச் சொல்லியிருந்தார்கள். வந்த அன்றே யூனிட் ஆட்கள் அதைச் சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்து, கழுத்தில் துண்டு கட்டி, முன்னால் ஒரு தட்டையும் வைத்துவிட்டார்கள்.

"ரோவன், உன் தம்பி உன்னவிட ஒழுங்கா உக்காந்திருக்கான் பாரு," என்றார் ரஸ்.

"அவன் ஒண்ணுமே சாப்பிடல."

"அதான் ஹாலிஸுக்கு அவனப் பிடிச்சிருக்கு. செலவில்ல. பாதி ஷாட்டுல ஒண்ணுக்கு வருதுன்னு ஓடமாட்டான்."

ரோவன் பொம்மையின் மூக்கில் பான்கேக் பாகைத் தடவினான். "டேய் தம்பி, கணக்கு வீட்டுப்பாடத்த மட்டும் நீ போட்டுக் குடுத்துரு. மத்தத நான் பாத்துக்கறேன்."

"அவனுக்குப் பின்னக் கணக்கு வருமான்னு முதல்ல கேளு," என்றார் மிஸ் பெட்ரில்லோ. "அண்ணனுக்கு வரல."

மேஜையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

கடைசிக் காட்சிக்கு ஒத்திகை பார்த்தார்கள். பையன் வண்டியில் கிடந்து, நடுங்கி, பேசி, பேச்சு குறைந்து, அசைவற்றுப் போவான். அப்பா திரும்பிப் பார்த்து, கோட்டைத் திறந்து அவனை உள்ளே இழுத்து அணைத்துக்கொள்வார். எல்லாம் ஒரே டேக். ரோவனை வைத்துப் பார்த்தபோது விளக்குப் பிடித்திருந்தவன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். பிறகு பொம்மையை வைத்துப் பார்த்தார்கள். ரஸ் அதை மார்போடு அணைத்து அழுதபோது சுற்றி நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ரோவன் கைதட்டினான். அவனுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஹாலிஸ் கேமராமேனிடம் சொன்னார்: "பொம்மையே போதும். பையன் மூஞ்சில பொய் தெரியுது. பொம்மை மூஞ்சில தெரியல."

நான் என் நாற்காலியில், விதிப்படி, காதுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தேன்.

மேடம், நான் எந்தக் காரணத்துக்காகச் செய்தேன் என்று நீங்கள் போன வாரம் கேட்டீர்கள். பணமா என்றீர்கள். பணமாக இருந்திருந்தால் சொல்வதற்கு இவ்வளவு கூசாது. ஒரு ரப்பர் துண்டு, என் மகனைவிட நன்றாக என் மகனாக இருந்தது. அவ்வளவுதான். அதை எல்லோரும் பார்த்தார்கள்.

ஹாலிஸிடம் போய் நின்றேன். "ஒரே ஒரு தடவ குடுங்க. நான் சொல்லித் தரேன். எனக்குக் குளிர் தெரியும்."

"வெர்ன், அவன் சின்னப் பையன். நல்லாத்தான் பண்றான். பொம்மை இருக்கு, யாருக்கும் கஷ்டமில்ல."

"ஒரே தடவ."

"சரி, ஒண்ணு. வரலைன்னா பொம்மை. மனசுல வெச்சுக்கக் கூடாது."

ஹாலிஸ் மேல் தப்பில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்குக் குளிர் தெரியும் என்றது பெருமைக்குச் சொன்னதல்ல. எங்கள் வீட்டு வழக்கத்தில், பையனை முதல்முறை மான் வேட்டைக்கு மரத்துப் பரண்மேல் ஏற்றும்போது சூட்டுப் பொட்டலம் தரமாட்டார்கள். என் அப்பா எனக்குத் தரவில்லை. அவருக்கு அவர் அப்பா தரவில்லை. குளிரைத் தாங்கி உட்கார்ந்தவன்தான் வேட்டைக்காரன் என்று கணக்கு. ஆனால் அதே அப்பாமார்கள் இன்னொன்றும் சொல்லித் தந்திருக்கிறார்கள். பையன் நடுங்கிக்கொண்டிருக்கும்வரை பயமில்லை. நடுக்கம் நின்றுபோனால் துப்பாக்கியைப் போட்டுவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு நெருப்பிடம் ஓடு. எனக்கு இரண்டுமே நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தான் என்று யாராவது எனக்காகப் பேசினால் நம்பாதீர்கள்.

போன சீசனில் ரோவனைப் பரண்மேல் ஏற்றினேன். விடிந்த கொஞ்ச நேரத்தில் அழ ஆரம்பித்தான். கீழே இறக்கினேன். மரத்தடியில் ஸ்டஷ்ஷும் மற்றவர்களும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். "என்ன வெர்ன், மான் உங்க ரெண்டு பேரையும் விரட்டிவிட்டுருச்சா?" என்றான் ஸ்டஷ். ரோவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு முதல் ஆளாகச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

ஷூட்டிங் அன்று காலை அவனை நீள மேஜைக்குக் கூட்டிப்போகவில்லை. வயிறு காலியாக இருந்தால் உடம்பு சீக்கிரம் குளிரும். "ரஸ்கூட முக்கியமான சீனுக்கு முன்னாடி சாப்பிடமாட்டாராம்" என்றேன். அப்போது ரஸ் மேஜையில் இரண்டாவது பான்கேக்கை வெட்டிக்கொண்டிருந்தார். உடுப்பு மாட்டிவிடுகிற பெண் பொட்டலங்களையெல்லாம் ஒட்டி, ஷூவுக்குள் வைத்து, தட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கேரவனில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம்.

"சட்டையத் தூக்கு."

"ஏன்ப்பா?"

"இது இருந்தா உனக்கு நடிப்பு வராது. எடுத்துரலாம்."

"மிஸ் பெட்ரில்லோ திட்டுவாங்க."

"சொன்னாத்தானே திட்டுவாங்க. இது வேட்டைக்காரங்க நம்ம ரெண்டு பேருக்குள்ள."

யோசித்தான். "ஷூல இருக்கறதுமா?"

"அதும்தான்."

"தாங்கலைன்னா தலைல கை வெக்கலாமா?"

"வெச்சா பொம்மையக் கொண்டு வந்துருவாங்க ராஜா. அப்புறம் படத்துல உன் மூஞ்சியே இருக்காது."

"பொம்மை மூஞ்சியும் என் மூஞ்சிதானப்பா."

அவனுக்கு அது அவ்வளவு சுலபமாகப் புரிந்திருந்தது. நான் ஷூவின் கயிற்றை அவிழ்த்தேன். அவன் என் தலையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் நல்லாப் பண்ணா நீ சந்தோஷமா இருப்பியா?"

"இருப்பேன்."

அன்று நான் சொன்னதில் பொய்யில்லாத பதில் இது ஒன்றுதான்.

குலுக்கிய பொட்டலத்தை அணைக்க முடியாது. எறிந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள். அவன் கண்முன்னாலேயே என் கோட்டுப் பைகளில் போட்டுக்கொண்டேன். பிளாஸ்டிக் உறையில் நீங்கள் மேஜைமேல் வைத்திருப்பவை அவைதான். ஆற்றங்கரையில் நின்ற நேரமெல்லாம் என் இரண்டு கைகளும் கதகதப்பாக இருந்தன. கைகளை நான் வெளியே எடுக்கவில்லை.

கேமராவில் ஏதோ கோளாறு. காத்திருக்கச் சொன்னார்கள். வண்டியில் கிடந்த ரோவனைக் கூடாரத்துக்கு அழைத்துப்போக உதவி டைரக்டர் வந்தான். "வேணாம், பையன் அந்த மூடுலயே இருக்கட்டும்" என்றேன். சினிமாக்காரர்களிடம் இந்த ஒரு வார்த்தை போதும். சர்ச்சுக்குள் நுழைந்தவர்கள் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு விலகிப்போவார்கள். ஆற்றுக் காற்று நேராக அடித்துக்கொண்டிருந்தது. உறைபனி மாதிரி தெரிய அவன் உடுப்பில் தண்ணீர் தெளித்திருந்தார்கள்.

மிஸ் பெட்ரில்லோ வந்தார். "ரொம்ப நேரமா வெளிய கிடக்கான் வெர்ன். பொட்டலம் சூடா இருக்கான்னு பாக்கணும்."

"இப்பத்தான் புதுசு மாத்தினேன். கை வெக்க முடியல, அவ்ளோ சூடு."

அப்பா சொன்னால் நம்பாமல் என்ன செய்வார். ஆனாலும் அவர் நகரவில்லை. அங்கேயே நின்றால் தொட்டுப் பார்த்துவிடுவார். அதனால் இன்னொன்றும் சொன்னேன். "இவங்க அம்மா ஈரிலேர்ந்து வந்திருக்கா. கேட்ல உள்ள விடமாட்டேங்கிறாங்களாம். நான் போனா சண்டையாகும். நீங்க கொஞ்சம் போய்க் கூட்டிட்டு வரீங்களா? இவன்கிட்ட சொல்லாதீங்க, பாத்து ஆச்சரியப்படட்டும்."

அவர் முகம் மலர்ந்துபோனது. ரோவனைப் பார்த்துக் கையாட்டிவிட்டு வண்டி எடுத்துக்கொண்டு போனார். கேட் பழைய நெடுஞ்சாலையின் மறுகோடியில் இருக்கிறது. அங்கே யாரும் வந்திருக்கவில்லை.

அவர் பிள்ளையை விட்டுவிட்டு எங்கோ சுற்றப் போய்விட்டார் என்று பேப்பரில் எழுதுகிறார்கள். நான் அனுப்பித்தான் போனதாக அவர் உங்களிடம் சொன்னார். அப்படி நான் சொல்லவே இல்லை என்று இதே நாற்காலியில் உட்கார்ந்து நான் சொன்னேன்.

கேமரா ஓட ஆரம்பித்தது. நான் ஹாலிஸுக்குப் பின்னால் நின்று மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரோவன் நடுங்கினான். தோளைக் குலுக்கவில்லை, பல்லை அடிக்கவில்லை. நடுக்கம் எங்கோ எலும்புக்குள்ளிருந்து வந்தது. "குளிருதுப்பா" என்றான். பாதிதான் வெளியே வந்தது, உதடு மடங்கவில்லை. பின்னால் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஹாலிஸ் மானிட்டருக்குப் பக்கத்தில் குனிந்தார்.

ரோவன் ஒரு கையை வெளியே எடுத்தான். விரல்களை மூடப் பார்த்தான், மூட வரவில்லை. கை பாதிவரை உயர்ந்து, தலைக்கு எட்டாமல், மார்பின்மேல் விழுந்தது. சைகை தெரிந்த மிஸ் பெட்ரில்லோ கேட்டில் இருந்தார். சைகை தெரிந்த ரஸ் கயிற்றைத் தோளில் போட்டு முன்னால் பார்த்து இழுத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது ஆள் நான்.

"அந்தக் கை," என்று ஹாலிஸ் கிசுகிசுத்தார். "யாருய்யா இவனுக்கு அதச் சொல்லிக் குடுத்தா?"

நான் நிமிர்ந்து நின்றேன்.

பிறகு நடுக்கம் நின்றது.

எனக்குத் தெரியும், மேடம். பார்த்த நொடியே தெரியும். டைரக்டர் "கட்" சொல்லும்வரை யாரும் மூச்சுவிடக் கூடாது என்பது அங்கே வழக்கம், ஆனால் என் மகனுக்கு அந்த வழக்கம் என்ன. ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். ஹாலிஸின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. விளக்குக்காரன், அன்றைக்குச் சிரிப்பை அடக்க முடியாதவன், வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். ரஸ் திரும்பிப் பார்க்கிற இடம்வரைக்கும் போகட்டும் என்று நினைத்தேன். அந்த இடம் வந்ததும், கோட்டைத் திறக்கிற இடம்வரைக்கும் என்று நினைத்தேன்.

ரஸ் மண்டியிட்டார். கோட்டைத் திறந்து ரோவனை உள்ளே இழுத்தார். அவருக்கு அங்கே நீளமான வசனம் உண்டு. இரண்டு வரி சொல்லிவிட்டு நிறுத்தினார். கன்னத்தை அவன் வாயருகே வைத்தார். முதுகுப் பக்கம் சட்டைக்குள் கையை விட்டுத் துழாவினார்.

"இவன்கிட்ட பொட்டலம் இல்ல," என்றார்.

யாரும் அசையவில்லை. அதையும் நடிப்பென்று நினைத்துவிட்டார்கள். அவர் கேமராவை நேராகப் பார்த்தார். எந்த நடிகரும் அப்படிப் பார்க்கக் கூடாது. "கட் பண்ணுங்க. பையன் நெஜமாவே செத்துட்டிருக்கான்."

பொம்மையைத் தூக்கி ஒத்திகை பார்த்த அதே விதமாக என் மகனைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். பொட்டலங்கள் கீழே விழுந்துவிடுமே என்று கைகளைப் பையிலிருந்து எடுக்காமலே ஓடினேன்.

ஆம்புலன்ஸில் ரோவனின் இதயம் நின்றது. திரும்ப ஓடவைத்தார்கள். இடது பாதத்தில் இப்போது விரல்கள் இல்லை. வலது கையில் பென்சில் பிடிக்கிற விரல்களுக்கு நுனி இல்லை. கண் விழித்ததும் வாயிலிருந்த குழாயை எடுத்தார்கள். எடுத்தவுடன் என்னைத் தேடிப் பார்த்து, "வந்துச்சாப்பா?" என்றான்.

"வந்துச்சு" என்றேன்.

ஊர் எங்களைத் தாங்கியது. பக்கத்து வீட்டுக்காரி முட்டைக்கோஸ் இலையில் கறி சுருட்டி அவித்து, பாத்திரம் பாத்திரமாகக் கொண்டுவந்தாள். தீயணைப்பு நிலையத்தில் ரோவனுக்காக விருந்து வைத்தார்கள். ஸ்டஷ் என்னைக் கட்டிப்பிடித்து, "அந்த டீச்சரம்மா கையில கிடைச்சா நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாதுடா" என்றான். நான் அவன் தோளில் முகத்தை வைத்து அழுதேன். நிஜமான அழுகைதான். யாரோ மிஸ் பெட்ரில்லோவின் கார் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். அவர் ரோவனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, நர்ஸிடம் சொல்லி வெளியே அனுப்பியது நான். அவர் கொண்டுவந்த பழத்தை வாசல் நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். அதை நான் தின்றேன். இதை ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை, ஆனால் தின்றேன்.

ஆஸ்பத்திரியில் என் கோட்டிலிருந்து பொட்டலங்கள் கிடைத்தபோது எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். நீங்கள் நம்பவில்லை. நேற்று ரோவனிடம் தனியாகப் பேசினீர்கள். பேசிவிட்டு வெளியே வந்து என் தோளில் கை வைத்து, "மன்னிச்சுக்கங்க மிஸ்டர் ஹுடக்" என்றீர்கள்.

அவன் உங்களிடம் சொன்னதை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். "நான்தான் எடுத்தேன். அரிச்சுது. அப்பா பாக்காதப்போ அவர் கோட்டுப் பையில ஒளிச்சு வெச்சேன். அப்பாவத் திட்டாதீங்க, அவருக்குத் தெரியாது." சொல்லும்போது கொஞ்சம் நிறுத்தினானாம். கண் நிறைந்ததாம், ஆனால் வழியவில்லையாம். சின்னப் பிள்ளைகளிடம் பேசிப் பேசிப் பழகிய உங்களுக்குப் பொய் எது என்று தெரியும், இது பொய்யில்லை என்றீர்கள்.

யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்காக அவனாகவே செய்தான்.

அதனால்தான் இன்று நானாக வந்தேன். எடுத்தது நான். பட்டினி போட்டது நான். சைகை காட்டாதே என்று சொன்னது நான். டீச்சரை அனுப்பியது நான். நடுக்கம் நின்றதைப் பார்த்து, தெரிந்து, சும்மா நின்றது நான். மிஸ் பெட்ரில்லோ மேல் உள்ளதையெல்லாம் என் பெயரில் மாற்றி எழுதுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். என்ன தண்டனை என்று கேட்கப்போவதில்லை. ரோவன் முகத்தைப் பார்க்க எனக்கு யோக்கியதை இல்லை, அதுவும் தெரியும்.

ஒன்றே ஒன்று கேட்கலாமா? கேட்கவே கூசுகிறது. நேற்று அவன் பேசியதை வீடியோவில் பதிவு செய்திருப்பீர்கள். அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தும் நீங்கள் நம்பியிருக்கிறீர்கள். கேஸெல்லாம் முடிந்த பிறகு போதும். அதை ஹாலிஸுக்கு ஒருமுறை போட்டுக் காட்ட முடியுமா, மேடம்?